எந்தத் தெரு?

அன்புள்ள அம்மா,

நானும் மனைவியும் சொந்த வீடு வாங்கலாம் என்று இரண்டு இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நங்கநல்லூரில். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லியே விற்கிறார்கள். இன்னொன்று பெரும்பாக்கத்தில். இடம் பெரிது, விலை குறைவு. ஆனால் பால்கனியில் நின்றால் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு தெரிகிறது. 'ஏரியா சரியில்லை, பின்னாடி விலை போகாது' என்கிறார்கள் நண்பர்கள். பில்டரே விளம்பரத்தில் 'சோழிங்கநல்லூர்' என்றுதான் போடுகிறார். அவரவர் தம்மைப் போன்றவர்களோடு வாழ விரும்புவது இயல்புதானே? சவுகார்பேட்டை மார்வாடிகள் அப்படித்தானே? யாரும் யாரையும் வெறுக்காமலே நகரம் பிரிந்துவிடும் என்று தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் காட்டியிருக்கிறார். அல்லது சிங்கப்பூர் மாதிரி அரசே கலந்து வைக்க வேண்டுமா? நாங்கள் எதை வாங்குவது?

ஸ்ரீராம், நங்கநல்லூர்

அன்புள்ள ஸ்ரீராம்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். அடியில் ஒரு கட்டு வாடகை ரசீது. 1988 ஜூலையில் தொடங்குகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

சிங்கப்பூரை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே 1989 முதல் வீடமைப்புக் கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிலும் இந்த இனத்துக்கு இத்தனை வீடு என்று உச்சவரம்பு இருக்கிறது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலை இறங்கும். நல்லதும் கெட்டதும் கலந்த ஏற்பாடு. பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய வீட்டில் வசிக்கும் ஊரில் அது நடக்கும். சவுகார்பேட்டையும் வேறு கதை. கடையும் கடனும் உறவும் ஒரே தெருவில் இருந்தாக வேண்டிய தொழில் அது.

ஷெல்லிங்குக்கு வருகிறேன். 2005-ல் நோபல் வாங்கியவர். 1971-ல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் சொல்கிறீர்கள். கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகை நாணயங்களைப் பரப்புகிறோம். அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தன் வகை இருந்தால் போதும், இல்லாவிட்டால் நகர்ந்துவிடும் என்பதுதான் விதி. நகர்த்த நகர்த்தக் கடைசியில் இரண்டும் தனித்தனிக் கூட்டமாகிவிடும். அழகான கணக்கு. ஆனால் தம்பி, நீங்கள் அந்தக் கட்டுரையின் முதல் சில பக்கங்களையாவது படித்திருக்க வேண்டும். திட்டமிட்டு விலக்கி வைப்பதையும் பணத்தால் பிரிவதையும் நான் இதில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே தொடக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். அவர் பலகையில் காலிக் கட்டம் எந்த நாணயத்தையும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

எங்களைக் கேட்டது. எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குத் திருவாரூர் பக்கத்திலிருந்து சென்னைக்கு மாற்றல். புரோக்கர் மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷன் காட்டினார். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் அடிபம்பு. அம்மா பம்பை இரண்டு தரம் அடித்துப் பார்த்தாள், தண்ணீர் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்காரம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து அட்வான்ஸ் பணத்தை எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டே எந்த ஊர் என்றார். அப்பா சொன்னார். எந்தத் தெரு என்றார். காலனித் தெரு என்றார் அப்பா.

விரல் நின்றது. எண்ணிய நோட்டுகளை எண்ணாத நோட்டுகளின்மேல் வைத்து, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, ஊஞ்சல் பலகையிலேயே அப்பா பக்கம் நகர்த்தினார். "எங்க தம்பி பம்பாய்லேர்ந்து வர்றதா இருக்கான், மறந்தே போச்சு." குரலில் கோபமே இல்லை. உங்கள் 'யாரும் யாரையும் வெறுக்காமலே' என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கேட்டது அந்தக் குரல்தான்.

வாசலுக்கு வந்ததும் புரோக்கர், "ஏன் சார், வடக்குத் தெருன்னு சொன்னா என்ன? யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். அப்பா பேசவில்லை. அப்புறம் மூன்று வீடு பார்த்தோம். ஒவ்வொரு வீட்டிலும் காலனித் தெரு என்றே சொன்னார். பஸ் ஸ்டாப்பில் அம்மா வெடித்துவிட்டாள். "புள்ளைங்கள நடுத்தெருவுல நிறுத்தத்தானா இந்த வீம்பு?" கடைசியில் அயனாவரத்தில் கிடைத்தது. "அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துருமா?" என்பதற்கு மேல் அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. பதினான்கு வருடம் இருந்தோம். பெட்டியில் இருந்தவை அந்த ரசீதுகள்தான். யாராவது அன்று கணக்கெடுத்திருந்தால், நாங்கள் எங்களைப் போன்றவர்களோடு வாழ விரும்பி அயனாவரத்தைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருப்பார்கள்.

'இயல்பு' என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக எழுதாதீர்கள். இந்த நகரத்தில் இது என்றைக்கு இயல்பாக நடந்தது? 1707-ல் இடங்கை, வலங்கை என்று இரண்டு அணியாக நின்ற சாதிகளின் சண்டை முற்றியபோது, கவர்னர் தாமஸ் பிட் உட்கார்ந்து பெத்தநாயக்கன்பேட்டை இவர்களுக்கு, முத்தியால்பேட்டை அவர்களுக்கு என்று பிரித்தார். உங்கள் பால்கனியில் தெரியும் வாரியக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றப்பட்ட குடும்பங்களில் யார் வீடு பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? நகரத்துக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண் ஒரே நாளில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தாள். இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வருகிறாள், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுகிறாள். அவளைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர்கள் ஏரியா சரியில்லை என்கிறார்கள்.

சைவம் மட்டும் என்ற பலகையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் என் தோழி ஒருத்தி முட்டைகூடத் தொடமாட்டாள். போனில் பேசியவரை அவளுக்கு வீடு இருந்தது. பெயரைச் சொன்னதும் இல்லாமல் போயிற்று. அதே ஊஞ்சல், அதே கேள்விதான்.

'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அப்பா என்ன சொல்லியிருப்பாரோ!

கோபமாக எழுதிவிட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியதே உங்கள் நல்ல மனசு, அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன். எதை வாங்குவது என்று கேட்டீர்கள். கடன் உங்களுடையது, அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்றும் எனக்குத் தெரியாது. வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஆனால் கண்ணகி நகர்ப் பிள்ளைகள் வேலைக்கு மனுப்போடும்போது ஊர்ப்பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று 'துரைப்பாக்கம்' என்று எழுதுகிறார்கள். பெரும்பாக்கத்தில்தான் வாங்குவதென்றால் எனக்காக ஒன்று செய்யுங்கள். பில்டர் என்ன போட்டாலும், ஆதாரிலும் கிரகப்பிரவேசப் பத்திரிகையிலும் பெரும்பாக்கம் என்றே எழுதுங்கள். பத்திரிகை ஒன்று எனக்கும் அனுப்புங்கள், வருகிறேன்.