டீக்கடைக்கு லுங்கி போதாதா?

கேள்வி: லுங்கி கட்டிக்கிட்டு தெருமுனை டீக்கடைக்குப் போனாக்கூட எங்கப்பா "ஆள் பாதி ஆடை பாதிடா, நாலு பேருக்கு ஒரு மரியாதை வேணாமா"ன்னு ஆரம்பிச்சிடுறாரு. நல்லா டிரெஸ் பண்றது நெஜமாவே அடுத்தவங்களுக்குக் குடுக்குற மரியாதையா, இல்ல நம்ம கெத்துக்கா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: டீக்கடைக்கு லுங்கி தாராளமா போதும், நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க. ஆனா அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. துக்க வீட்டுக்குக் கெளம்புற அம்மாவ கவனிச்சுப் பாருங்க, பீரோவுல அத்தன நல்ல சேலை இருந்தும் மங்கலா ஒண்ண தேடி எடுத்து, தலைல இருக்குற பூவையும் எடுத்து வச்சிட்டுத்தான் போவாங்க, அதே அம்மா கல்யாண வீட்டுக்கு அந்த மங்கல் சேலைல போய் நின்னா கூப்பிட்டவங்க மொகம் சுருங்கிடும். வெலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, உங்க வீட்டு நல்லது கெட்டது எனக்குத் தெரியும்னு காட்டுறது அவ்ளோதான். லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கிறவன் தெரிஞ்ச பெரியவர் வந்தா யாரும் சொல்லாமலே கீழ எறக்கி விடுறான்ல, அதுவும் மரியாதைதான்.

தானா செஞ்சா மரியாதை, செய்யலேன்னா அடி விழும்னா அதுக்கு வேற பேரு. ஊர்ப் பெரிய மனுஷன் எதிர்ல வந்தா தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டு, செருப்ப கழட்டி கைல எடுத்துக்கன்னு ஒரு கூட்டத்தையே தலைமுறை தலைமுறையா நிக்க வச்சாங்களே, கேட்டா மரியாதைன்னுதான் சொன்னாங்க. திருவிதாங்கூர்ல நாடார் பொண்ணுங்க மார மறைக்கிறதே மரியாதைக் குறைவுன்னு சீலைய கிழிச்சாங்க, வருஷக்கணக்கா போராடி 1859-ல மன்னர் உத்தரவு போட்டாரு, அப்பவும் மேல்சாதிப் பொண்ணுங்க மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன்! அதனால டிரெஸ் விஷயத்துல யாராவது மரியாதைய பத்திப் பேசுனா யாருக்கு யார் குடுக்கணுமாம்னு நான் மொதல்ல கேப்பேன்.

கேள்வி: அப்போ கிளப், ஹோட்டல்ல டிரெஸ் கோட் வைக்கிறதும் தப்பா?
- வாசகி, கோவை

பதில்: வைக்கட்டும், ஆனா வேட்டிய பாத்து வாசல்ல நிறுத்த முடியாது. 2014 ஜூலைல ஹைகோர்ட் ஜட்ஜ் ஹரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டில போக, சென்னைல ஒரு கிளப்புல உள்ள விடல. வெள்ளைக்காரன் போயி அப்பவே அறுபத்தேழு வருஷம் ஆகப்போற நேரம், அவன் போட்ட ரூல மட்டும் பத்திரமா வச்சிருந்தாங்க. சட்டசபைல பெரிய சத்தமாகி அடுத்த மாசமே சட்டம் வந்துடுச்சு, வேட்டிக்காக தடுத்தா லைசென்ஸே போயிடும். ஷூ போட்டு வாங்கன்னு எங்கயாவது சொன்னா எனக்கு ஒண்ணும் கோபம் வராதுங்க, புடிக்கலேன்னா பக்கத்துலயே பரோட்டா கடை இருக்கு.