துணையின் துரோகத்தால் காயப்பட்டவர்களே ‘ஏப்ரல் ஸ்னோ’ படத்தில் அதே தவறைச் செய்வது ஏன்?

பழிவாங்கத்தான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஹோ ஜின்-ஹோ இயக்கி 2005-ல் வந்த கொரியப் படம் இது. சாம்சோக் என்ற கடலோர ஊரில் நடந்த கார் விபத்தில் இன்-சுவின் மனைவியும் சோ-யங்கின் கணவனும் நினைவிழந்து கிடக்கிறார்கள். இருவரும் ஒரே காரில் வந்தவர்கள். கள்ள உறவு அப்போதுதான் அம்பலமாகிறது. திட்டலாம் என்றால் எதிரில் கிடப்பவருக்கு நினைவே இல்லை. கோபத்தை எங்கே கொட்டுவது? அந்த விபத்தில் இறந்த இளைஞனின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய், தாங்கள் செய்யாத குற்றத்துக்கு இருவரும் வசை வாங்குகிறார்கள். திரும்பும் வழியில் காரை விட்டு இறங்கிச் சோ-யங் அழும் அழுகைக்கு வசனமே தேவைப்படவில்லை. அவளுடைய நிலை புரிந்த ஒரே ஆள் இன்-சுதான். நெருக்கம் அங்கிருந்து வளர்கிறது.

இன்னொன்று: தென் கொரியாவில் அன்று திருமணம் மீறிய உறவு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை 2015-ல்தான் ரத்து செய்தது. ஆனால் படத்தில் போலீசும் இல்லை, வழக்கும் இல்லை. மனைவி கண் விழித்த பிறகு இன்-சு படும் அவஸ்தைதான் உண்மையான விசாரணை.