'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்றால் ஏன் குடிபோதை?

ஷீட் என்றால் துணியோ தாளோதானே, அது காற்றில் பறப்பதற்கும் குடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான். பாய்மரக் கப்பலில் 'ஷீட்' என்பது பாய் அல்ல. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு. அது அவிழ்ந்தால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், காற்றைப் பிடிக்காது. ஒன்றல்ல, மூன்று கயிறும் அவிழ்ந்துவிட்டால்? கப்பலே நிலைதடுமாறும். தலைகால் புரியாமல் தள்ளாடி வருகிறவன்தான் கண்முன் நிற்பான். 1820-களிலேயே இது அச்சில் வந்துவிட்டது. அப்போது 'இன் த விண்ட்' என்றுதான் எழுதினார்கள்.

இதே கப்பலில் இருந்து வந்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 'டேக்கன் அபேக்'. காற்று சட்டென்று திசை மாறி முன்பக்கமிருந்து பாயை அறையும். பாய் பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் அப்படியே திணறி நிற்கும். எதிர்பாராத செய்தி கேட்டு நாம் வாயடைத்துப் போகிறோமே, அதே நிலை.

'நோ த ரோப்ஸ்' என்றால் தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்தவர். எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்று அறிந்த மாலுமியை நினைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஒன்று: நீங்கள் கேட்ட தொடர் நண்பர்களிடம் பேசும்போது பொருந்தும். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். 'டேக்கன் அபேக்' எங்கும் செல்லும்.