அப்பாவின் கால் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இரண்டு கால் பெருவிரல் நகங்களும் மஞ்சளாகி, நகவெட்டிக்குள் நுழையாத அளவுக்குத் தடித்துவிட்டன. நான்கு மாதமாகப் பூஞ்சைக் களிம்பு தடவியும் பலனில்லை.

பதில்: முதலில் அந்தக் களிம்பை நிறுத்துங்கள். இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை காரணம். வயதானால் நகம் மெதுவாக வளர்ந்து தானாகவே தடிக்கும். ஷூ முனை வருடக்கணக்கில் இடித்தாலும், சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருந்தாலும் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும்.

தோல் மருத்துவரிடம் போனால் நகத்துக்கு அடியில் மாவாக உதிர்வதைச் சுரண்டி எடுத்துச் சோதிப்பார். களிம்பு தடவிய நகத்தில் பூஞ்சை இருந்தாலும் சோதனையில் தெரியாமல் போகலாம். நிறுத்தச் சொன்னது அதனால்தான்.

பூஞ்சை இல்லையென்றால் மாத்திரையே வேண்டாம். நகத்தை மெலிதாக்கி, விரல் இடிக்காத செருப்பு போட்டால் போதும். பூஞ்சைதான் என்றால், தடித்த நகத்துக்குள் களிம்பு சரியாக இறங்காது. பெரும்பாலும் டெர்பினாஃபின் 250 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம் தருவார்கள். கல்லீரல் சோதனை செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அப்பா சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாத்திரை முடிந்த பிறகும் நகம் பழையபடியே தெரியும். பலர் இங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மி.மீ.தான் வளரும், முதியவர்களுக்கு இன்னும் குறைவு. முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். நுனியைப் பார்க்காதீர்கள், தோலை ஒட்டிய அடிப்பகுதியில் தெளிவான புது நகம் கீற்றாக எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வித்தியாசம் புரியும்.

வெட்டுவதற்கு முன் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். அப்புறம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நேர்க்கோட்டில் வெட்டி, மேல்புறத்தை அரத்தால் தேயுங்கள். மூலையைத் தோண்ட வேண்டாம். 40 சதவீத யூரியா களிம்பும் நகத்தை மென்மையாக்கும்.

சர்க்கரை நோயோ, காலில் மரத்துப்போன உணர்வோ இருந்தால் இதையெல்லாம் வீட்டில் செய்யாதீர்கள். சூடு தெரியாது, சின்னக் கீறலும் புண்ணாகிவிடும். நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகலமானாலோ, கருமை சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.