இங்கிலாந்துக்கு நாயுடன் புறப்படுமுன் முடிக்க வேண்டிய நட்டஈட்டுப் பிணக்கு

கேள்வியின் சுருக்கம்: திருகோணமலை டச்பே கடற்கரைக்கு அருகில் வசிக்கும் வாசகி ஒருவர், இங்கிலாந்தில் உள்ள கணவரிடம் துணைவர் விசாவில் செல்லவிருக்கிறார். முப்பத்து நான்கு கிலோ எடையுள்ள தமது அல்சேஷனையும் கொண்டுபோவதற்காக மைக்ரோசிப், விசர்நாய்த் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை முடித்து, மூன்று மாதக் காத்திருப்பில் இருக்கிறார். இரத்தம் எடுத்த பன்னிரண்டாம் நாள் மாலை, படலை திறந்திருந்த வேளையில், வீதியில் வந்த புள்ளிமானைக் கண்டு நாய் பாய்ந்தோடியது. எதிரே வந்த, இடியப்பம் அவித்து விற்கும் அயலவரான பெண்மணி மோதுண்டு விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் மூன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார். பொலிஸில் முறைப்பாடு உண்டு. வழக்குக்கு முன் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையின் அறிவித்தலும் வந்துவிட்டது. நாயைச் சம்பவத்துக்கு முந்திய திகதியில் கணவரின் தம்பிக்குக் கொடுத்ததாக எழுதிவிட்டால் போதுமா, அயலவரால் பயணத்தைத் தடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதியை அந்தப் பெண்மணியின் மருமகன் படலையில் நின்று பேசிய பேச்சும், வெளிநாடு போகிறவர்களிடம் கறக்கப் பார்க்கிறார்கள் என்ற மனக்குமுறலும் பிடித்துக்கொண்டுள்ளன. அவற்றை எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை. கேட்கப்போவது ஒன்றுதான்: சம்பவ நாளில் நாய் யாருடையது?

இத்தகைய நட்டத்துக்கு இலங்கையில் ரோமன் டச்சுச் சட்டமே பொருந்தும். வீட்டு விலங்கு தன் உந்துதலால் ஒருவருக்குத் தீங்கு செய்தால், உரிமையாளர் கவனயீனமாக இருந்தாரா என்ற கேள்வியே எழாமல் அவர் ஈடுசெய்ய வேண்டும் என்ற வழக்குரிமை அதில் உண்டு. அடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ, இருக்க உரிமையில்லாத இடத்தில் இருந்திருந்தாலோ, மூன்றாம் ஆளின் பிழையால் அது நேர்ந்திருந்தாலோ உரிமையாளர் தப்பலாம். பொதுவீதியில் இடியப்பத் தட்டுடன் நடந்து வந்தவர் விடயத்தில் இவை உதவமாட்டா.

மானைத் துரத்துவது நாயின் இயல்புதானே, இயல்பான செயலுக்குப் பொறுப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டித்தனமான கேள்வி, அப்படி வாதிடவும் இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தில் வென்ற கையோடு கவனயீனம் என்ற வேறொரு அடிப்படையில் தோற்பீர்கள். மான்கள் நகருக்குள் நடமாடுவது திருகோணமலையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை அறிந்தும் இவ்வளவு பெரிய, துடிப்பான நாயைக் கட்டாமல் படலையைத் திறந்து வைத்தது ஏன் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. தவிர, மானைத் துரத்திய கதையை நீங்களே ஊரெல்லாம் சொல்லி வனசீவராசிகள் திணைக்களத்தையும் இதற்குள் இழுக்காதீர்கள்.

முன்திகதியிட்ட கடிதத்தை மறந்துவிடுங்கள். அது பொய் ஆவணம் என்பதோடு, பயனற்றதும்கூட. சிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஆய்வுகூட அறிக்கை ஆகிய மூன்றிலும், சம்பவத்துக்கு முந்திய திகதிகளில், உரிமையாளர் என்று உங்கள் பெயரே இருக்கிறது; பயணத்துக்காக நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கோப்புத்தான் உங்களுக்கு எதிரான முதற் சான்று. நாயை விற்கவோ உரிமை மாற்றவோ போவதில்லை என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும்போது நீங்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டும். தம்பியின் பெயருக்கு மாற்றி மீண்டும் உங்கள் பெயருக்கு எடுத்தால், வழக்கிலும் தப்பமாட்டீர்கள், பயணத்தையும் சிக்கலாக்குவீர்கள்.

பயணத்தைத் தடுக்கலாமா என்றால், நீங்கள் நினைப்பதைவிட இலகுவாகத் தடுக்கலாம். எதிராளி நாட்டை விட்டு வெளியேறப்போகிறார் என்று சத்தியக்கடதாசி மூலம் காட்டி, அவரைப் பிடித்துப் பிணை கேட்கும் ஏற்பாடு குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலேயே உண்டு. விலங்கைக் கவனயீனமாக வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமுமாகும். பொலிஸார் விடயத்தை நீதவானிடம் கொண்டுபோனால், கடவுச்சீட்டை ஒப்படைக்கும்படி பிணை நிபந்தனை விதிக்கப்படலாம். விமானச்சீட்டுத் திகதி நெருங்கிய பின் இதைச் சந்தித்தவர்கள், தொடக்கத்தில் கேட்டதைப் போல இரு மடங்கு கொடுத்து முடித்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு உங்களைப் பற்றிய பெரிய பயம், நீங்கள் தடையின்றிப் போய்விடுவீர்கள் என்பதுதான். இந்தக் கோரிக்கைக்கு வழக்குத் தொடுக்க 2 ஆண்டுகள் உண்டு. மத்தியஸ்த சபைக்குப் போகாமல் விட்டால் வழக்குப் போட வழிவிடும் இணக்கமின்மைச் சான்றிதழ் அயலவர் கைக்குப் போகும். நீங்கள் அங்கே போய்க் குளிருக்குப் பழகிக்கொண்டிருக்கும்போது வழக்கு விழும். அழைப்பாணை பூட்டிய படலையில் ஒட்டப்படும். எவரும் தோன்றாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். அதை நீக்கக் கேட்பதற்கு, தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களே உண்டு. என்னிடம் வந்த ஒருவர், தனக்காகச் செயற்படும் அதிகாரத்தை, அதாவது அற்றோனித் தத்துவத்தை, தங்கைக்குக் கொடுத்திருப்பதாக நிம்மதியாக இருந்தார். எடுத்துப் பார்த்தால் அது காணி விற்பதற்கு மட்டும் எழுதப்பட்டிருந்தது, வழக்கில் தோன்ற ஒரு சொல்கூட இல்லை. சீதன வீடு உங்கள் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்புப் பணத்துக்காக, தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் அதிகாரி தேடி வருவது அந்த வீட்டைத்தான். பிரித்தானிய விசா விண்ணப்பத்தில், எந்த நாட்டிலாவது உங்களுக்கு எதிராகக் குடியியல் தீர்ப்பு உண்டா என்ற கேள்வியும் உண்டு. துணைவர் விசாவை நீடிக்கும்போது அதற்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டிவரும்.

ஆகவே இணங்கிப் போங்கள். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது; நீங்களே போக வேண்டும், கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்றரை இலட்சம் என்பது பேசிக் குறைக்கக்கூடிய தொகையாகவே எனக்குத் தெரிகிறது. வைத்தியச் செலவுப் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள்; இடியப்ப உரலைப் பிழியும் கை எது, எத்தனை கிழமை தொழில் நின்றது, வேறு யாராவது பிழிந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். வருமான இழப்பு அதிலிருந்துதான் கணக்கிடப்படும். நோவுக்கு அதற்கு மேல் ஒரு தொகை சேரும்.

இரக்கப்பட்டு விறாந்தையில் வைத்துக் காசைக் கையில் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். சபையின் இணக்கச் சான்றிதழில் சம்பவத் திகதியும் இடமும் தெளிவாக இருக்கட்டும். இது முழுமையான, இறுதித் தீர்வு என்பதும், பொலிஸ் முறைப்பாட்டைத் தொடரப்போவதில்லை என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். பணத்தை வங்கி மூலம் செலுத்துங்கள். அதன் பிறகு இணக்கச் சான்றிதழின் பிரதியுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போய், முறைப்பாடு முடிந்ததாகப் பதியப்பட்டுள்ளதா என்று நேரில் பாருங்கள். பலர் விடுவது இந்தக் கடைசி நடையைத்தான்.