ஸ்டீல் பங்கின் பி.ஈ. 5 தான், மலிவா?

மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஒரு ஸ்டீல் பங்கின் விலை 600, போன வருடப் பங்குவருவாய் (ஒரு பங்குக்கான லாபம்) 120, விலையை இதனால் வகுத்தால் வரும் பி.ஈ. 5, வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். ஸ்டீல், சிமென்ட், சர்க்கரைப் பங்குகளில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.ஈ. குறைவாகத் தெரியும்.

மும்பை பங்குச் சந்தையின் தளத்தில் 10 வருட ஆண்டறிக்கைகளை எடுங்கள். ஒவ்வொரு வருடப் பங்குவருவாயையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றுங்கள். அன்று 8 ரூபாய், நுகர்வோர் விலைக் குறியீடு அன்று 125, இன்று 190 என்றால் 8×190÷125, அதாவது 12.16. நஷ்ட வருடங்களை விடவே கூடாது, மைனஸாகவே சேருங்கள். நிலம் விற்று வந்த பணம் போன்ற ஒருமுறை வரவைக் கழியுங்கள். இப்படிச் சேர்த்த 10 வருடச் சராசரி 30 வந்தால் உண்மையான பி.ஈ. 20; மலிவே இல்லை.

பலரும் சறுக்குவது பங்குப் பிரிப்பில். டாடா ஸ்டீல் 2022 ஜூலையில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதற்கு முந்தைய அறிக்கைகளில் உள்ள பங்குவருவாயை 10-ஆல் வகுக்காவிட்டால் கணக்கே பாழ். இலவசமாகத் தரும் போனஸ் பங்குகளுக்கும் இதே கதைதான்.

நிறுவனம் இடையில் பெரிதாக வளர்ந்திருந்தால் பழைய வருவாய் அதன் இன்றைய அளவைக் காட்டாது. அப்போது பங்குதாரர் மூலதனத்தின் மீதான லாப விகிதத்தின் (ஆர்.ஓ.ஈ.) 10 வருடச் சராசரியை ஒரு பங்கின் இன்றைய புத்தக மதிப்போடு (சொத்தில் கடன்களைக் கழித்தால் ஒரு பங்குக்கு மிஞ்சுவது) பெருக்கி, அதைச் சராசரிப் பங்குவருவாயாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வழிதான் நம்பகமாகப் படுகிறது. கடனையும் பாருங்கள், சரிவுக் காலத்தில் வட்டி கட்ட முடியாமல் போனால் எந்தச் சராசரியும் காப்பாற்றாது.