தனியே கழுவும் தட்டு

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறோம். அப்பா இறந்தபின் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு வந்துவிட்டார், இந்தி தெரியாது. செப்டம்பர் 2020 முதல் வாரம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, அம்மாவின் மார்பில் இருப்பது புற்றுநோய் என்றார். நான் பால்கனியில் நின்று பேசினேன். கொரோனா பயத்தோடு இதுவும் வேண்டாமென்று, 'சாதாரணக் கட்டி' என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. தன் தட்டைத் தானே தனியாகக் கழுவிக்கொண்டு அறையிலேயே இருக்கிறார். அடுத்த வாரம் கீமோ. எப்போது சொல்லலாம்?

பதில்: இன்றே. இந்தக் கேள்வியோடு எத்தனையோ மகன்கள் எழுதிவிட்டார்கள். அந்தத் தட்டைப் பற்றி மட்டும் எவரும் எழுதியதில்லை. தொற்று வந்தவருக்குத் தனி அறை, தனித் தட்டு என்று மார்ச் முதல் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டிருப்பவர், முகம் மூடிய மருத்துவர்கள் தன்னை எட்ட நின்று பார்த்ததையும், மகன் கைபேசியோடு பால்கனிக்கு ஒதுங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார்? தனக்குக் கொரோனா, அதை மறைக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பாட்டி கடைசியாக எப்போது மடியில் வைத்துக்கொண்டார் என்று யோசியுங்கள்.

புற்றுநோய் ஒட்டாது. கீமோவில், தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் குறையும்போது, வெளியே போய்வரும் உங்களால்தான் அவருக்கு ஆபத்து. அந்த நாட்களில் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்; பிறருக்குத் தொல்லை தரக்கூடாதென்று ஒதுங்கியிருக்கும் உங்கள் அம்மாவோ அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். உங்கள் கரிசனம் அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

தில்லியில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை தொடர்பான வழக்கில், மயக்கத்தில் இருந்த வயது வந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது, அவசரம் இல்லாதபோது அவர் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் அம்மா மயக்கத்தில்கூட இல்லை. கணவரை இழந்து, ஊரை விட்டு, உங்களை நம்பி வந்தவரிடம் அவர் உடம்பைப் பற்றிய செய்தியைப் பூட்டி வைக்க, மகன் என்ற உறவு போதாது.

'புற்றுநோய்' என்ற சொல்லையே சொல்லுங்கள். தட்டைத் தனியே கழுவத் தேவையில்லை என்பதையும் அப்போதே சொல்லுங்கள். கீமோவுக்கு முன் மருத்துவரைக் காணொளியில் ஒருமுறை வரச் சொல்லி, அம்மாவை அருகில் உட்கார வைத்து, மருத்துவர் இந்தியில் சொல்வதை வரி விடாமல் தமிழில் சொல்லுங்கள். அம்மா கேட்பதையும் குறைக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.